பாக்க வேண்டாங் கண்ணு

இதை அழிச்சுக் குடுங்க தம்பி.

என்ற போன்ல இருந்து இல்லீங்க. அதுக்கு எனக்கே தெரியும், அழுத்திப் புடிச்சாப் படம் ஆடும், மேல பெருக்கல் குறி வரும். எல்லார் போன்ல இருந்தும் அழிக்கோணும். மெட்ராசுல, பெங்களூர்ல, வெளிநாட்டுல, ஆரு ஆரு வெச்சிருக்கறாங்களோ அத்தனை பேர் போன்ல இருந்தும். போர்டுல என்ன எழுதியிருக்கறீங்க? 'எல்லாவித மொபைல் பிரச்சினைகளும் சரிசெய்து தரப்படும்'னுதானுங்களே? இதுவும் மொபைல் பிரச்சினைதான்.

சிரிக்காதீங்க. சிரிக்க வெக்கறதுக்கு நான் பஸ் ஏறி அந்தியூருக்கு வரலை.

ஆகாதா? ஆகாதுன்னா எதுக்குங்க அந்தப் போர்டு? சரி, அழிக்க வேண்டாம். அப்ப ரெண்டாவது சோலியைப் பாருங்க. இதை நீங்களே வெளையாடி முடிச்சுக் குடுத்துருங்க. ஆமாங்க, கேம்தான். எனக்கு இந்தக் கருமமெல்லாம் வராது. கடைசிவரைக்கும் போயி, கடைசியில என்ன இருக்குதுன்னு பாத்து எனக்குச் சொல்லிப்போடுங்க, நான் போயிட்டே இருக்கறேன். உங்க வயசுப் பசங்க இதைத்தானே நாள் முச்சூடும் பண்றீங்க. அந்த ஸ்டூலை இப்படிப் போடுங்க, ஒக்காந்துக்கறேன். முட்டி நிக்க உடமாட்டேங்குது.

அந்தப் பையன் கண்ணாடி ஒட்டறதுக்கு அப்பறம் வரட்டும். ஏம்ப்பா, சித்த அக்கட்ட போயிட்டு வா. ஒடைஞ்ச கண்ணாடி ஓடியா போயிரும்?

வேலை இல்லாம வந்து ஒக்காந்திருக்கறேன்னு நெனைக்காதீங்க. என்ற பேரு துளசிமணி. வர்ற ஆவணியில என்ற பொண்ணு ரூபிணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊடு பெருந்தொறைப் பக்கம். மண்டபம் பேசியாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு, சீலைகூட எடுத்தாச்சு. பத்திரிகை அடிக்க முடியலை. தாய்மாமன் பேரைப் போடறதா வேண்டாமான்னு தெரியாம பிரஸ்ஸுக்காரன் நாலு தடவை போன் பண்ணிட்டான். எங்க கல்யாணத்துல தாலிக்கு முந்திப் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணுமுங்க. அதைத் தாய்மாமன்தான் கட்டோணும். எனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தனே ஒருத்தன், பூபதின்னு பேரு, கோயமுத்தூர்ல இருக்கறான். அவன் வரமாட்டேங்கறான். ஏன்னா, இந்தக் கேமை நான் மொதல்ல கடைசிவரைக்கும் வெளையாடோணுமாமா. வெளையாடுனாத்தான் வருவானாமா.

சித்தப்பன் மவன் ஒருத்தன் இருக்கறான். கூப்புட்ட கொரலுக்கு ஓடி வருவான். ஆனா அவனை நிக்க வெச்சுப் பட்டம் கட்டுனா சபையில என்ன பேசுவாங்க? சொந்தத் தம்பி கோயமுத்தூர்ல குத்துக்கல்லாட்டம் இருக்கறான், அவனே வரலைன்னா அக்காகாரி என்ன பண்ணித் தொலைச்சாளோன்னு பேசுவாங்க. அவனையா பேசுவாங்க? என்னைத்தான் பேசுவாங்க. மாப்பிள்ளையோட அம்மா இப்பவே 'உங்க தம்பியைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறீங்களே'ன்னு இழுக்குது.

போட்டுட்டீங்களா? சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. ரொம்பக் கம்மி பண்ணாதீங்க.

பேரைப் பாத்தீங்களா? 'பாக்க வேண்டாங் கண்ணு.' ஒரு வெளையாட்டுக்கு வெக்கற பேருங்களா அது? காரு ஓட்டறது, சுட்டுத் தள்றதுன்னு ஏதாச்சும் வெச்சா ஆகாதா? அது நான் சொன்ன வார்த்தைங்க. என்ற வாயில இருந்து வந்ததை எடுத்து வாசல்ல தோரணமாக் கட்டித் தொங்க உட்டுட்டான்.

இப்ப ஆஸ்பத்திரி வராந்தா வரும். ஒரு பொம்பளை செவுத்தைப் புடிச்சுட்டு நடந்து வருவா பாருங்க, அதுதான் தாரணி, என்ற தம்பி பொண்டாட்டி. எத்தனை பாவமா வரைஞ்சிருக்கறான்! நேர்ல அத்தனை பாவமெல்லாம் இல்லீங்க. வாயைத் தெறக்கமாட்டா, ஆனா உள்ளுக்குள்ள பிடிவாதம். அவ ஒவ்வொரு கதவாப் போவா. கதவுக்குக் கதவு ஒரு ஆள் நின்னு பேசும். அது பேசி முடிக்கற வரைக்கும் நீங்க கையை வெக்கக் கூடாது. வெரசாப் போகட்டும்னு தொட்டீங்க, அவ்வளவுதான், அந்த ஆள் மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுரும். கேட்டுட்டுச் சும்மா நிக்கறது ஒரு வெளையாட்டாங்க? ரூபிணியைக் கேட்டா, 'அதுதாம்மா கேமே, உன்னால முடியலை பாரு'ங்கறா. பெத்தவளைப் பாத்துச் சொல்றா.

இந்த ஆள் ஆருன்னு தெரியலை. 'நல்லவேளை, பெரிய உசுரு தப்பிச்சுது'ங்கறான். சரியாத்தான சொல்றான்? அதுக்கு எதுக்கு வெளக்கு மங்குது? பாருங்க, ஆளுக்கு ஒரு வார்த்தை பேசுனா வராந்தாவுல வெளக்கு மங்கிட்டே போகும். கரண்டு பில்லு கட்டாத ஆஸ்பத்திரியாட்டம்.

அவனை வளத்ததே நானுங்க. எங்கம்மா போனப்ப அவன் அஞ்சாவது படிச்சுட்டிருந்தான், ரூபிணி எனக்குக் கைக்கொழந்தை. இடுப்புல அவ, கையில இவன். எங்கூட்டுக்காரர் ஒரு வார்த்தை மொகம் சுளிக்கலை, அதைச் சொல்லோணும். இஞ்சினியருக்குப் படிக்க வெச்சோம். பாலம் கட்டுவான், ரோடு போடுவான்னு பாத்தா, ரூமுக்குள்ள ஒக்காந்து பொம்மையை நடக்க வெச்சுட்டிருக்கறான். கேட்டா அதுதான் உத்தியோகமாம். சரி, நாலு காசு வருது, ஆகட்டும்னு உட்டேன். அவன் கல்யாணத்துல இணைச்சீருக்கு ஒக்காந்தவ நானுங்க. உங்களுக்குத் தெரியுமில்ல? மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவளைப் பக்கத்துல ஒக்கார வெச்சு, அவனுக்குப் பொறக்கறதுல இவளுக்கும் உரிமை இருக்குதுன்னு சபையறிய இணைச்சு உடறது. அப்ப அவன் புள்ளை எனக்கும் புள்ளைதானுங்களே? அதுல நான் ஒரு முடிவெடுத்தா என்னங்க தப்பு?

அந்த நர்சைத் தொட்டுறாதீங்க. அது ஆமை நகர்றாப்ல பேசும். நான் நாலு தடவை அதுகிட்ட மாட்டுனேன்.

எனக்கு இது எப்படித் தெரிஞ்சுதுன்னா, தை மாசத்துல ஒரு நாளு அடுப்படியில பருப்புக் கடைஞ்சுட்டிருக்கறேன். கூடத்துல என்ற கொரல் கேக்குது. நான் இங்க நிக்கறேன், என்ற கொரல் அங்க பேசுது! 'ஏங் கண்ணு, நான் சொல்றதைக் கேளு'ங்குது. கையில மத்தோட ஓடிப் போய்ப் பாத்தா, ரூபிணி போனை மடியில வெச்சுட்டு அழுதுட்டு ஒக்காந்திருக்கறா. புடுங்கிப் பாத்தா, அதுக்குள்ள நான் நிக்கறேனுங்க. பச்சைச் சீலை கட்டிட்டு, கதவை அடைச்சாப்ல, தோளு ரெண்டும் பீரோவாட்டம். என்றகிட்டப் பச்சைச் சீலையே கெடையாது. மூக்குத்தியை எடது பக்கம் போட்டு வெச்சிருக்கறான். தூக்கி வளத்தவளுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்னுகூடத் தெரியலை. நீங்களே பாருங்க, எந்தப் பக்கம்?

அது அத்தனையும் வாட்சப்புல தாரணிக்கு நான் பேசி அனுப்புனதுங்க. பொடி எழுத்து எனக்கு அடிக்க வராது, மைக்கை அழுத்திப் புடிச்சு மனசுல இருக்கறதைப் பேசி உட்டுருவேன். அதை அழிக்காம வெச்சிருந்து, என்னை ஒரு வார்த்தை கேக்காம, தூக்கி இதுக்குள்ள போட்டுட்டான். அடுத்தவன் ஊட்டுக்குள்ள பூந்து சொம்பை எடுத்தாப் போலீசு வருது. கொரலை எடுத்தா ஆரும் வரமாட்டாங்களா?

இதுக்குப் பரிசு வேற. பேப்பர்ல போட்டோ போட்டிருந்தாங்க, 'சொந்த வலியை விளையாட்டாக்கிய இளைஞர்'னு. போன்ல கேட்டேன், 'ஏன்டா, குடும்பத்துல நடந்ததை இப்படியா சந்தி சிரிக்க வெப்பாங்க'ன்னு. அதுக்கு அவன் சொல்றான், உலகத்துல எத்தனையோ பேர் இப்படிப் பண்றாங்களாமா. புள்ளையைச் சீக்குல பறிகுடுத்தவன், குடிகாரத் தகப்பன்கிட்ட அடிபட்டவன், எல்லாரும் அவங்கவங்க பட்டதைக் கேமாப் பண்ணி வெச்சிருக்கறாங்களாமா. பண்ணட்டும். அவங்கவங்க பட்டதை அவங்கவங்க பண்ணட்டும். என்னை எதுக்குடா நடுவுல கொண்டு போய் நிறுத்துனே?

கீழ சனம் என்னென்னமோ எழுதியிருக்குது, ரூபிணி படிச்சுக் காட்டுனா. ஒருத்தன் எழுதறான், 'அந்த நங்கை வந்தாலே போனைத் தூக்கி எறியணும்போல இருக்கு'ன்னு. இன்னொருத்தி, 'எங்க வீட்டுலயும் ஒரு நங்கை இருக்காங்க'ங்கறா. நங்கைங்கறது மொறைங்க. புருசனோட அக்காளை எங்க பக்கம் அப்படித்தான் கூப்புடறது. மரியாதையான வார்த்தை. தாரணி என்னை வாய் நெறைய 'நங்கை, நங்கை'ன்னுதான் கூப்புடுவா, கல்யாணமான நாள்ல இருந்து. இப்ப ஊர் பேர் தெரியாதவன் அதை வெச்சுத் திட்டறான்.

இது பூபதி ரோசனையே இல்லீங்க. அவனுக்கு அத்தனை வெசம் கெடையாது. அவதான் ஏத்தி உட்டிருப்பா. ரூபிணி சொல்றா, 'அத்தை இந்தக் கேமைத் தொட்டதுகூட இல்லம்மா, மாமா தனியா ஒக்காந்து அழுது அழுது பண்ணுனாரு'ங்கறா. எனக்குத் தெரியாதுங்களா யாரு எப்படின்னு?

என்ன, எதுக்கு இத்தனைன்னு பாக்கறீங்களா? சொல்றேன், நீங்களே ஞாயம் சொல்லுங்க. கை வெளையாடட்டும், காது கேக்கட்டும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி. தாரணிக்கு ஒம்பதாம் மாசம், ரெண்டு பேரும் இங்க வந்திருந்தாங்க. வளையல் போட்டு உட்டது நான்தான். ஒரு நாள் காலையில புள்ளை அசையலைங்கறா. ஈரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ஆஸ்பத்திரியில பாத்துட்டு, உள்ளயே போயிருச்சுன்னுட்டாங்க. போனாலும் பெத்துத்தானே ஆகோணும்? பெத்தா. ரத்தம் நிக்கலை. ரத்தம் வேணும்னு பூபதியைத் தொரத்தி உட்டாங்க, அவன் ஊரெல்லாம் அலையறான். அந்த நேரம் பாத்து நர்சு துணியில சுத்திக் கொண்டாந்து என்ற கையில குடுத்துச்சு. பொண்ணு.

நான் என்னங்க பண்ணோணும்? தாரணி அரை மயக்கத்துல கெடந்துட்டு, 'நங்கை, ஒருக்காக் காட்டுங்க, ஒருக்காப் பாத்துக்கறேன்'ங்கறா. காட்டலாமுங்களா? பெத்தவ மூஞ்சியைப் பாத்துட்டா மனசு உடாது, காலத்துக்கும் அதுவேதான் கண்ணுல நிக்கும். பச்சைப் புள்ளை போனாப் பெத்தவளுக்குக் காட்டறதில்லை, எங்க பக்கம் அதுதான் வழக்கம். 'பாக்க வேண்டாங் கண்ணு'ன்னேன். கதவைச் சாத்துனேன். எங்கூட்டுக்காரரைக் காரை எடுக்கச் சொன்னேன். நம்ம தோட்டத்துக்கே கொண்டு போயி, வாய்க்கா மேட்டுல வெச்சு மூடியாச்சு. பூபதி ரத்தம் கொண்டாந்து, அவளுக்கு ஏத்தி, அவ பொழைச்சாங்கறது தெரிஞ்சு, அதுக்கப்பறம் 'அக்கா, பாப்பா எங்க'ன்னு கேட்டான். அப்ப நாங்க போயிட்டுத் திரும்பியே வந்துட்டோம். எல்லாம் சுத்தமா முடிஞ்சுது. அவனுக்கு ஒரு சிரமம் வெக்கலை.

அதுக்கு நன்றி சொல்லோணுமா வேண்டாமா?

நான் அழுதனான்னு கேளுங்க. அழுகலை. ஆராச்சும் ஒருத்தர் அழாம இருந்தாத்தான காரியம் நடக்கும்? மடியில வெச்சுட்டேதான் போனேன், ஈரோட்டுல இருந்து தோட்டம் வரைக்கும். பவானி தாண்டறப்ப, குளுருது, ஏசியை நிறுத்துங்கன்னேன். எங்கூட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்பறம் நிறுத்திட்டாரு. அந்தக் காரு இந்தக் கேமுல எங்கியாச்சும் வருதா பாருங்க. வராது. வராந்தா வருது, கதவு வருது, நான் பீரோவாட்டம் நிக்கறது வருது. காரு வராது. எப்படி வரும்? என்னை ஒருத்தராச்சும் கேட்டாங்களா?

அதுக்கப்பறம் வாட்சப்புல ஒருக்கா எழுதிக் கேட்டதோட சரி, தாரணி என்றகிட்டப் பேசறதில்லை. இவன் பேசுவான், எண்ணி நாலு வார்த்தை. போன வாரம் நானே எறங்கிப் போய்ப் போன் போட்டேன். பத்திரிகையில உன்ற பேரைப் போடறேன்டா, வந்து பட்டம் கட்டுன்னேன். அதுக்கு அவன் சொல்றான், 'அக்கா, நீ ஒருக்கா அந்தக் கேமை வெளையாடு. தொடாம, கடைசிவரைக்கும். கடைசியில என்ன இருக்குதுன்னு எனக்குச் சொல்லு. அன்னைக்கே பொறப்பட்டு வர்றேன்'ங்கறான். கூடப் பொறந்தவகிட்டப் பந்தயம் கட்டறான் பாருங்க! ரூபிணிக்குத் தெரியும் கடைசியில என்னன்னு. சொல்லுடி, உன்ற கல்யாணம்டின்னேன். 'என்ற கல்யாணம்தாம்மா, அதனாலதான் சொல்லலை, நீயே வெளையாடு'ங்கறா. அப்பனுக்குச் சொல்லிக் குடுத்தாளான்னு அவரைக் கேட்டா, அவர் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுத் தோட்டத்துக்குக் கெளம்பிட்டாரு.

வந்துட்டனா? அந்தப் பச்சைச் சீலை நாந்தான். கையை எடுங்க, கையை எடுங்க தம்பி. தொட்டுப்போடாதீங்க.

'ஏங் கண்ணு, நான் சொல்றதைக் கேளு. எப்படி இருந்தா, ஆராட்டம் இருந்தான்னு கேட்டு எழுதியிருக்கறே...'

எத்தனை தன்மையாப் பேசறேன் பாருங்க. கண்ணுங்கறேன். இதைக் கேட்டா போனைத் தூக்கி எறியத் தோணுதாமா.

'...அதெல்லாம் கேக்காதே, நான் சொல்லமாட்டேன். சொன்னா நீ அதையே நெனைச்சுட்டு மூலையில ஒக்காந்துக்குவே. பேரு வெக்கோணும்னு வேற பூபதி பொலம்பறான். பேரெல்லாம் எதுக்கு? போனது போச்சு...'

இந்த எடத்துலதானுங்க நான் தொட்டுருவேன். ஒவ்வொரு தடவையும் இந்த எடத்துலதான். என்ற கொரல் எனக்கே ஆகமாட்டேங்குது. இத்தனை கீச்சாவா நான் பேசறேன்? மிசின்ல போட்டு என்னமோ மாத்தியிருக்கறான். நீங்க தொடாதீங்க. என்னைப் பாக்காதீங்க, போனைப் பாருங்க.

'...அந்தச் சின்னச் சட்டை, துணியெல்லாம் எடுத்து வெச்சிருக்கறியாமா? ஆருக்காச்சும் குடுத்துரு. ஊட்டுல வெச்சிருக்கக் கூடாது...'

இன்னும் முடியலையா? எத்தனை நேரம் பேசியிருக்கறேன். அன்னைக்கு மத்தியானம் வேலை ஒண்ணும் ஓடலை, ஆரும் ஊட்டுல இல்லை, பேசிட்டே இருந்துட்டேன் போல இருக்குது.

'...அடுத்த வருசம் இந்நேரம் கையில ஒண்ணு இருக்கும். இதை மறந்துரு. நான் மறந்துட்டேன் பாரு.'

முடிஞ்சுதுங்களா? கதவு தெறக்குதே. அப்பாடா. நீங்க பொறுமைசாலி தம்பி.

உள்ள என்ன தெரியுது? காட்டுங்க, வெயில் அடிக்குது, இப்படித் திருப்புங்க. மேசை. மேசை மேல மஞ்சத் துணி. ஆமா, மஞ்சத் துணிதான், தாரணி ஊட்டுல இருந்து மடிச்சுக் கொண்டாந்தது. தொறக்கச் சொல்லுதா? தொறங்க, என்ன பயம், பொம்மைதானே.

என்னங்க இது?

மூஞ்சி எங்க? வெள்ளையா வட்டமா சோத்துத் தட்டாட்டம் இருக்குது? உங்க கடையில நெட்டு சரியில்லையா? தொடைச்சுப் பாருங்க. எழுத்து வருதா? படிங்க, எனக்குக் கண்ணாடி இல்லை. 'எங்களுக்குத் தெரியவில்லை.' அப்பறம்? அப்பறம் ஒண்ணுமே இல்லையா? இவ்வளவுதானா?

இதுக்கா இத்தனை நாளு என்னை அலைய உட்டான்? மூஞ்சியை வரையாம உட்டுட்டு அதுக்கொரு பரிசு! இருங்க, இப்பவே அவனைக் கேக்கறேன். நீங்க இங்கியே இருங்க, சாட்சிக்கு.

அலோ. பூபதி, அக்கா பேசறேன். முடிச்சுட்டேன். ஆமாடா, நானேதான் முடிச்சேன். என்னை என்னன்னு நெனைச்சே? தம்பி, அப்படிப் பாக்காதீங்க. இல்லை, உன்னைச் சொல்லலை, இங்க ஒருத்தர். கடைசியிலயா? கடைசியில ஒண்ணுமே இல்லை. மஞ்சத் துணி, அதுக்குள்ள வெள்ளையா ஒரு வட்டம். ஏன்டா, அப்படியா இருந்தா புள்ளை? வெள்ளை எங்கிருந்து வந்துச்சு? அவ நம்ம நெறம்டா, நம்ம அம்மா நெறம். மொட்டைத் தலையா வேற போட்டு வெச்சிருக்கறே. எத்தனை முடி இருந்துச்சு தெரியுமா? ஈரமா, நெத்தியில வந்து ஒட்டிட்டு இருந்துச்சு, நான்தான் முந்தானையில ஒத்தி ஒதுக்கி உட்டேன். தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கேக்கறது! நான் என்ன செத்தா போயிட்டேன்?

அலோ? அலோ?

கட்டாயிருச்சுங்களா தம்பி? இல்லை, ஓடிட்டுத்தான் இருக்குது. பேசமாட்டேங்கறான். டேய், பட்டத்துக்கு வர்றியா இல்லையா, அதைச் சொல்லு, பிரஸ்ஸுக்காரன் காத்துட்டிருக்கறான். வர்றியா? என்ன, இப்பவேவா? இப்ப எதுக்குடா, கல்யாணம் ஆவணியிலதானே. பாத்தீங்களா தம்பி, வழிக்கு வந்துட்டான். இப்பவே காரை எடுக்கறானாமா. கொரலு ஒரு மாதிரி இருக்குது. என்ன? இல்லை, போனை வெக்கலை. வெக்கமாட்டேன்டா, சொல்லு. ஆருகிட்டக் குடுக்கறே?

நங்கைங்கறா, தம்பி.

ரெண்டு வருசமா என்ற மூஞ்சியில முழிக்காதவ. ஏதோ காது... ஆமா கண்ணு, கேக்குது, நான்தான். காதா? காது எப்படி இருந்துச்சுன்னு கேக்கறா.

தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. உங்க கடைதான், தெரியுது. இது எங்கூட்டுப் பேச்சு. ஷட்டரைப் பாதி எறக்கி உட்டுட்டுப் போங்க, லாரிச் சத்தத்துல இவ பேசறது காதுல உழுகமாட்டேங்குது.

சொல்றேன் கண்ணு, சொல்றேன். அழுகாதே. காது மட்டும் சொன்னா உனக்கு எப்படித் தெரியும்? நெத்தியில இருந்து சொல்லிட்டு வர்றேன். குறுக்க பேசாமக் கேளு.